லைன் சூப்பர்வைசரின் குரலும் ஆல்ட்டர் கூடையும்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குத் திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியின் தையல் ஃப்ளோரில் நின்று, உறை கழற்றாமல் கிடக்கும் மிஷின்களை எண்ணுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். ஞாயிறு லீவு. திங்கள் வராமல் போக ஆளுக்கொரு காரணம் இருக்கும்: குழந்தைக்குக் காய்ச்சல், ஊர்க் கோயில் நோன்பி, ஞாயிற்றுக்கிழமையின் மிச்சம். ஆனால் ஒரே கூரையின் கீழ், ஒரே சம்பளத்தில், ஒரே கம்பெனி வேனில் வந்து இறங்கும் ஆட்களை வைத்து ஓடும் இரண்டு லைன்களில் (ஒரு உடையைப் பகுதி பகுதியாகத் தைக்கும் மிஷின் வரிசைகளில்), ஒன்றில் ஒரு மிஷினும் பக்கத்து லைனில் ஐந்து மிஷினும் வாரா வாரம் சும்மா கிடந்தால், காரணத்தை டெய்லர்களிடம் தேடிப் பயனில்லை. அந்த லைனின் சூப்பர்வைசர் வெள்ளி, சனி இரண்டு நாளும் என்ன பேசினார் என்று விசாரித்தால் போதும்.

தலைமைப் பண்பு என்றதும் முதலாளியையும் எம்.டி.யையும் நினைக்கிறோம். பவர்டேபிளில், அதாவது தையல் மிஷினில், உட்கார்ந்திருக்கும் டெய்லருக்குக் கம்பெனி என்றால் அது சூப்பர்வைசர்தான். லீவு கேட்பதும், அட்வான்ஸுக்குச் சொல்லி வைப்பதும், திட்டு வாங்குவதும் அவரிடம். அதனால் இங்கே பேச்சு முழுவதும் அவரைப் பற்றியே.

முதலில் அவர் எந்த நெருக்கடியில் நிற்கிறார் என்று பார்த்துவிடலாம். இருபது மிஷின் லைன், எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம். மொத்தம் 9,600 ஆள்-நிமிடம். ஒரு டி-ஷர்ட்டின் தையல் நேரம் 6 நிமிடம் என்று இன்ஜினியரிங் பிரிவு கணக்குப் போட்டிருந்தால், நூறு சதவீத வேகத்தில் 1,600 பீஸ், அறுபது சதவீதத்தில் 960. மணிக்கு 120. இந்த 120தான் லைன் தலைப்பில் தொங்கும் பலகையில் மணிக்கொரு தரம் ஏறும் எண். பதினொரு மணிக்கு 84 என்று எழுதினால் ஆபீஸிலிருந்து போன் வரும். அந்த போனை வைத்த அடுத்த நிமிடம் சூப்பர்வைசர் லைனுக்குள் எப்படித் திரும்புகிறார் என்பதில்தான் அவருடைய பாணி தெரியும்.

பெரும்பாலானவர் திரும்புவது அதட்டலோடு. அதட்டல் வேலை செய்யும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அடுத்த மணியில் 84, 110 ஆகிவிடும். அந்தக் கூடுதல் 26 பீஸ் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மிஷினின் வேகம் கூடவில்லை. டெய்லர் ஒவ்வொரு தையலின் முடிவிலும் துணியைத் திருப்பி ஒரு கணம் பார்ப்பாரே, அந்தப் பார்வை போயிருக்கும். தோள் ஜாயின்ட்டில் டேப் விலகியிருக்கும், கழுத்துப் பட்டியான ரிப்பில் இழுவை ஏறியும் குறைந்தும் விழுந்திருக்கும். செக்கிங் டேபிளில் குறை பீஸைப் போடும் ஆல்ட்டர் கூடை நிரம்பும். கூடையில் விழுந்ததைப் பிரித்துத் திரும்பத் தைக்க ஒரு டெய்லர் தன் வேலையை நிறுத்தியாக வேண்டும். ஆக, பதினோரு மணிக்கு ஏற்றிய எண்ணை மூன்று மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். நேரப் பலகையை மட்டும் பார்க்கும் ஆபீஸுக்கு இந்தக் கழித்தல் தெரிவதில்லை.

செக்கிங்கிலும் தப்பியது கடைசி இன்ஸ்பெக்ஷனில் நிற்கும். 3,000 பீஸ் கொண்ட ஆர்டருக்கு, வழக்கமான ஏ.க்யூ.எல். (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற வரம்பு) 2.5 அளவில், 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 7 பெரிய குறை வரை பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். பேக் செய்த பெட்டிகளை உடைத்து, பாலி பையைக் கிழித்து, மொத்தத்தையும் மறுபடி செக் பண்ண வேண்டும். ஷிப்மென்ட் தேதிக்கு முந்தின நாள் விடிய விடிய லைட் எரியும் கம்பெனிகள் பலவற்றில் எரிவது இந்தக் கணக்கில்தான்.

அதட்டலின் இன்னொரு கேடு செய்தியை மறைத்துவிடுவது. ஊசி உடைவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி கம்பெனியில் நடைமுறை கண்டிப்பானது: ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்தி, எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, பழைய ஊசியோடு சேர்த்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நேரமும் மிஷின் எண்ணும் எழுதின பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மிஷினில் கிடக்கும் பண்டில் (வெட்டிய துணிக்கட்டு) தனியே போகும், மெட்டல் டிடெக்டரில் ஓடும். குழந்தை உடை என்றால் இதில் ஒரு அணுவும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இந்தச் சங்கிலி முழுவதும் டெய்லர் கை தூக்குவதில் தொடங்குகிறது. "எத்தனை ஊசிதான் உடைப்ப? ஊசி என்ன உங்கப்பன் வாங்கித் தர்றானா?" என்று ஒருமுறை லைன் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டால், அடுத்த தடவை கை தூக்காது. டெய்லர் வீட்டிலிருந்தே நாலு ஊசியைக் கைப்பையில் போட்டுக் கொண்டுவருவார். பதிவேடு சுத்தமாக இருக்கும். மாதக்கணக்காக ஊசியே உடையாத லைனைக் கண்டால் பாராட்டாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

இதே விஷயம் துணியில் ஓட்டை விழும்போதும் நடக்கும். சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணியில் தையலோரம் சின்னச் சின்ன ஓட்டை வருகிறது. முதல் கேள்வி "யாரு தச்சது?" என்றால், பதில் "தெரியலைங்க" என்றுதான் வரும். அப்புறம் ஒரு மணி நேரம் ஆள் பிடிக்கும் வேட்டை நடக்கும். "எந்த மிஷின், எத்தனை மணியிலிருந்து, எந்த ரோல் துணி?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பிடி கிடைக்கும். முனை மழுங்கிய ஊசியா, முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி போட வேண்டிய இடத்தில் சாதாரண ஊசி போட்டிருக்கிறதா, துணிக்கு ஏற்றதைவிடத் தடித்த நம்பரா, சாயத்துக்குப் பிறகு சாஃப்ட்னர் குறைந்து துணி வறண்டிருக்கிறதா. நாலில் ஒன்றுகூட டெய்லரின் கைக்குற்றம் இல்லை. கடைசிக் காரணம் என்றால் தையல் ஃப்ளோரில் யாரைத் திட்டியும் ஓட்டை நிற்காது.

ஏழு பீஸ் அட்டை முறை இருக்கும் கம்பெனிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சுற்றி வந்து தரம் பார்க்கும் க்யூ.சி. பெண் ஒவ்வொரு மிஷினிலும் ஏழு பீஸ் எடுத்துப் பார்த்து, குறையில்லை என்றால் பச்சை, சின்னக் குறைக்கு மஞ்சள், பெரியதற்குச் சிவப்பு என்று அட்டையில் போடுவார். சிவப்பு விழுந்த டெய்லரைச் சூப்பர்வைசர் நிற்க வைத்துப் பேசும் லைனில், இரண்டு வாரத்துக்குள் எல்லா அட்டையும் பச்சையாகிவிடும். தரம் உயர்ந்ததாக அர்த்தமில்லை. மதியம் அந்த டெய்லர் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டிய க்யூ.சி. பெண், சிவப்புப் போட மனம் வராமல் பச்சை போட்டிருக்கிறார். அவ்வளவே.

ஒரு லைன் பயத்தில் ஓடுகிறதா, பழக்கத்தில் ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சூப்பர்வைசரை மீட்டிங் என்று கூப்பிட்டு ஒரு மணி நேரம் ஆபீஸில் உட்கார வையுங்கள். அந்த மணியின் எண்ணை மற்ற மணிகளோடு ஒப்பிடுங்கள். பத்துப் பீஸ் குறைந்தால் இயல்பு. முப்பது, நாற்பது குறைந்தால் லைனை ஓட்டுவது அவருடைய குரல்தான். உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடன் இருந்தவர்களும் 1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயதுப் பையன்களை முகமூடி போன்ற கைவேலைகள் செய்ய வைத்துப் பார்த்ததும் இதையே காட்டியது. அதிகாரம் செய்யும் தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை சரிந்தது. கலந்து பேசி நடத்தியவர் வெளியேறியபோது ஏறக்குறைய அப்படியே ஓடியது. எதிலும் தலையிடாதவரின் குழு அவர் இருந்தபோதும் பெரிதாக எதையும் செய்யவில்லை.

அதட்டுபவரைவிட அடையாளம் காணக் கடினமானவர் ஒருவர் உண்டு: தானே உட்கார்ந்து தைத்துவிடும் சூப்பர்வைசர். நல்லவர், யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டார், லைனுக்கே செல்லம். நேற்று வரை கம்பெனியிலேயே வேகமான ஓவர்லாக் (துணி ஓரம் சேர்த்துத் தைக்கும் மிஷின்) டெய்லர், இன்று பதவி உயர்வு. கழுத்து ரிப் ஏற்றும் இடத்தில் பண்டில் குவிந்தால், "எந்திரிங்கக்கா, நான் போடறேன்" என்று உட்கார்ந்துவிடுவார். குவியல் கரையும். அதற்குள் பேட்லாக் (ஃப்ளாட்லாக் மிஷின்) டெய்லருக்கு நூல் தீர்ந்திருக்கும், கைமடி என்ற உதவியாள் தப்பான சைஸ் ஸ்லீவை எடுத்துக் கொடுத்திருப்பார், கட்டிங்கிலிருந்து அடுத்த கலர் வந்து சேர்ந்திருக்காது. கேட்க ஆள் இருக்காது, தலைவர்தான் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாரே. நாளடைவில் எழுந்து நிற்கும் அந்த அக்காவுக்கும் கை வேகம் ஏறாது. இவர்களுக்கு ஒரே ஒரு விதி போதும்: ஒரு பண்டில் வரை உட்காரலாம். அதுவும் கைநிலையை டெய்லருக்குக் காட்டுவதற்கு. பண்டில் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். அதற்கு மேலும் குவியல் நின்றால் அது மிஷின் கூட்ட வேண்டிய இடம், அல்லது ஆபரேஷனைப் பிரிக்க வேண்டிய இடம்.

பாணியின் பலன் முழுசாகத் தெரிவது ஸ்டைல் மாறும் நாளில். இதற்கு நம் தொழிலிலேயே எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் பழைய சான்று இருக்கிறது. வர்ஜீனியாவின் மேரியன் ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா ஃபேக்டரி. லெவின் ஆலோசகராகப் போய்வந்த இடம் அது. அங்கே லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற இருவர் செய்து 1948இல் வெளியிட்ட சோதனை. மாற்றம் அற்பமானது. கையால் அயர்ன் செய்யும் 18 பேர், அரை டஜன் உடையை அட்டை மேல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள், இனிமேல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். டஜனுக்கு 2 நிமிடம் கூடுதலாகவும் கொடுத்தார்கள். காரணம் விளக்கி, புது ரேட் சொல்லி, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று முடித்துக்கொண்டார்கள். மணிக்கு 60 யூனிட் என்றிருந்த உற்பத்தி 50 பக்கம் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. மேற்பார்வையாளரோடு சண்டை, புகார். முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள்.

அதே ஃபேக்டரியில், மாற்றத்தை எல்லோரோடும் உட்கார்ந்து திட்டமிட்ட குழுக்களும் உண்டு. முதல் நாள் லேசாக இறங்கி, சீக்கிரமே பழைய இடத்துக்கு ஏறி, பிறகு பழைய அளவைவிட 14 சதவீதம் மேலே போய் நின்றன. ஒருவரும் வேலையை விடவில்லை. இதில் நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய சின்ன விஷயம் ஒன்று: செலவைக் குறைக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்யாமல், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு உடைகளைக் கையில் கொடுத்தார்கள். ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு விலைக்கு விற்றது. எது மலிவு என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தினமும் அதே உடையைத் தொடுகிறவர்களாலேயே முடியவில்லை. பிரச்சினை புரிந்துவிட்டது.

நம் ஃப்ளோரில் இதைச் செய்ய இருபது நிமிடம் போதும். புது ஸ்டைல் ஏறுவதற்கு முந்தின நாள், சாயங்கால டீ பிரேக் முடிந்ததும், லைனின் எல்லா டெய்லரும் கைமடியும் செக்கிங் ஆளும் ஒரு டேபிளைச் சுற்றி. அப்ரூவல் ஆன சாம்பிள் கை மாற வேண்டும். தூரத்தில் தூக்கிக் காட்டினால் பயனில்லை, உள்பக்கம் திருப்பிப் பார்க்க விட வேண்டும். பிறகு ஒரே கேள்வி: "இதுல எங்க நிக்கும்?" முதலில் யாரும் பேச மாட்டார்கள். நிசப்தத்தைச் சூப்பர்வைசர் தாங்கிக்கொள்ள வேண்டும், பதிலைத் தானே சொல்லிவிடக் கூடாது. கொஞ்சம் பொறுத்தால் மூலையிலிருந்து ஓர் அக்கா பட்டன் பட்டியைக் காட்டி, "பிளாக்கெட்டுல கேன்வாஸ் ஒட்டினது மொடமொடன்னு இருக்குதுங்க, திருப்பறதுக்கு நேரமாகும்" என்பார். இன்னொருவர் போன வருசம் இதே மாதிரி ஓடின ஸ்டைலில் ஃபோல்டர் (துணியை மடித்துக் கொடுக்கும் மிஷின் பாகம்) மாற்றியதைச் சொல்வார். இரண்டு, மூன்று இடம் எழுதிக்கொண்டால் போதும். அதில் ஒன்றையாவது அன்று இரவே மெக்கானிக்கை வைத்துச் சரி செய்து, காலையில் வந்ததும் சொன்னவரிடமே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்கள். கேட்டுவிட்டுச் செய்யாமல் விடுவதற்குக் கேட்காமலேயே இருந்திருக்கலாம்.

டார்கெட்டும் படியாக ஏற வேண்டும். முதல் நாளே 60 சதவீதம் என்று பலகையில் எழுதுவது வம்பு. 35, 45, 55, பிறகு 60 என்று நாலு நாளுக்குப் பிரித்து, ஆபீஸுக்கும் அப்படியே சொல்லிவிடலாம்.

தலையிடாமல் விடுவது எங்கே பொருந்தும்? சாம்பிள் டெய்லரிடம். பேட்டர்னையும் அளவு விவரம் எழுதிய ஸ்பெக் தாளையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். பக்கத்தில் நின்றால் அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். புதிதாகச் சேர்ந்தவரை அதேபோல் விட்டால் நாசம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையனிடம் தமிழில் சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்றால் தலையாட்டுவான். தலையாட்டல் மரியாதைக்காக; அதைப் புரிதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவன் மொழி பேசும் பழைய ஆள் ஒருவரைப் பக்கத்து மிஷினில் போட்டு, செய்து காட்டி, அவனைச் செய்ய வைத்து, முதல் ஐந்து பீஸை அவன் கண் முன்னாலேயே அளந்து காட்ட வேண்டும். முதல் வாரம் தினம் இரண்டு முறை இதைச் செய்தால் போதும்.

இதைக் கவனிக்காத கம்பெனிக்கு விழும் நஷ்டத்தைக் கணக்காகவே போடலாம். அரை நிமிட ஆபரேஷன் ஒன்றை 60 சதவீதத்தில் தைப்பவர் ஒரு நாளில் 576 பீஸ் தருவார். அவர் விலகி, 35 சதவீதத்தில் தைக்கும் புதியவர் உட்கார்ந்தால் 336. அது லைனின் குறுகலான இடமாக இருந்தால், குறையும் 240 பீஸும் லைன் முழுமைக்கும் குறைவு. மற்ற பத்தொன்பது பேரும் காத்திருப்பார்கள். டெய்லர் விலகுவதோ சுலபம். தெருவுக்குத் தெரு, கேட்டுக்குக் கேட் "ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை" பலகை தொங்கும் ஊர் இது.

கட்டளைக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. தீ எச்சரிக்கை மணி, ஊசித் துண்டு தேடல், ஷேடு (நிறச் சாயல்) கலந்துவிட்ட பண்டில். இங்கே கருத்துக் கேட்பு கூடாது; "நிறுத்துங்க, எழுந்திரிங்க" மட்டும்தான். தினமும் கத்துகிறவரின் குரல் இந்த நேரத்தில் எடுபடாது என்பதுதான் வேடிக்கை.

பீஸ் ரேட்டில் ஓடும் இடங்களில் திட்டைவிடப் பங்கீடுதான் ஆளை விரட்டும். கறுப்பு, நேவி துணியில் அதே கலர் நூல் வைத்துத் தைப்பது கண்ணைப் பிடுங்கும் வேலை. ஒன்றரை ஷிப்ட் ஓடும் இரவில் அந்தப் பண்டில் எப்போதும் ஒரே இருவருக்கு, வெளிர் கலர் எப்போதும் சூப்பர்வைசரின் ஊர்க்காரருக்கு என்றால் அது ஒரு வாரத்தில் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். பண்டில் எண் வரிசைப்படி, மிஷின் வரிசைப்படி கொடுப்பது, சுற்றைச் சுவரில் எழுதி ஒட்டுவது. இதற்கு மேல் இதில் சாமர்த்தியம் தேவையில்லை.

பாத்ரூம் டோக்கனும் இதே வகை. லைனுக்கு ஒரு டோக்கன், அது மாட்டியிருந்தால்தான் எழுந்து போகலாம் என்ற முறையால் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் உண்டு. எல்லா ஆபரேஷனும் தெரிந்த ஒருவரைக் கைமாற்று ஆளாக லைனுக்கு ஒருவர் வீதம் வைத்தால், எழுந்து போகிறவரின் மிஷின் நிற்காது, டோக்கனும் வேண்டாம். திங்கள் லீவையும் அவரே ஈடுகட்டுவார்.

பிறகு கூப்பிடும் விதம். கொங்கு நாட்டில் "ங்க" போடாத பேச்சு காதில் அறையும். நாற்பத்தைந்து வயது அக்காவை இருபத்தாறு வயதுப் பையன் "ஏம்மா, இங்க பாரு" என்றால் கை வேலை செய்யும், மனசு வெளியேறிவிடும். "அக்கா, இது கொஞ்சம் பாருங்க" என்றால் பீஸை அவரே பிரிக்கத் தொடங்கிவிடுவார். குறையைச் சொல்வது மிஷின் பக்கத்தில் குனிந்து, பாராட்டைச் சொல்வது நாலு பேர் காதில் விழ. பல லைன்களில் இது நேர்மாறாக நடக்கிறது.

சூப்பர்வைசர் தானாக இப்படி ஆவதில்லை. மேலே புரொடக்ஷன் மேனேஜர் போனில் "எத்தனை?" என்று மட்டும் கேட்டால், கீழே எண் பொய்யாகும். ஊசிக்கு அடியில் இருப்பதையும் செக்கிங்குக்குப் போகாததையும் சேர்த்து எழுதுவார்கள். வித்தியாசம் பேக்கிங்கில் வெளிப்படும். பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, போனில் அதை முதலில் கேட்டால் மாதம் திரும்புவதற்குள் பேச்சு மாறும்: "84ங்க, ரெண்டாவது பேட்லாக் லூப்பர் போச்சு, மெக்கானிக் வரலை." இதில் சூப்பர்வைசர் யாரையும் திட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

அதட்டல் எல்லை மீறி வேறொன்றாவதும் இந்த ஃப்ளோரில்தான். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம்; தலைமையில் மூத்த பெண் ஊழியர், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், 90 நாளுக்குள் விசாரணை முடிவு. பாலின வன்முறையைத் தடுக்க ஆடைக் கம்பெனி ஒன்றும் தொழிலாளர் அமைப்புகளும் 2022 ஏப்ரலில் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் இன்னும் ஒரு படி போய், தொழிலாளர்களையே தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவிக்க வழி செய்தது. பல கம்பெனிகளில் குழு என்பது நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். அதில் இருக்கும் பெயர்களில் ஒன்றையாவது லைனில் இருக்கும் பெண்ணால் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். புகார்ப் பெட்டி ஆபீஸ் வாசலில், கேமராவுக்கு நேர் கீழே, சூப்பர்வைசர் டேபிளுக்கு எதிரில் மாட்டியிருந்தால், மாதக் கடைசியில் திறக்கும்போது உள்ளே சாக்லேட் காகிதம்தான் இருக்கும். பெண்கள் பாத்ரூம் போகும் நடைவழியில், கேமரா இல்லாத சுவரில், பேனா கட்டித் தொங்கவிட்டு, சாவியைக் குழுவின் வெளி உறுப்பினரிடம் கொடுத்து வைக்கலாம்.